ஏழாவது கட்டம்

பத்துக் கட்டங்கள் தருகிறார்கள்.
ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது எழுத்துக்கு மேல்
ஒரு புள்ளிகூட ஏறாது.
வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம்,
இவற்றில் எதன்மேல் உயிரையே வைத்திருக்கிறாய் என
வரிசைப்படுத்தவும் சொல்கிறார்கள்.

கீபோர்டு, ஐந்தாம் கிரேடு.
கராத்தே, பழுப்பு பெல்ட்டோடு நின்றுபோனது
மாஸ்டரின் விசா முடிந்ததால்.
மாதிரி ஐ.நா. சபையில் ஐஸ்லாந்துக்காகப் பேசினேன்.
மீன்பிடி உரிமைக்காக
மேசையைத் தட்டிக் கோபப்பட்டதில்
ஒரு சான்றிதழ்.

நிஜமாகவே பிடித்த ஒன்றும் உண்டு.
எங்கள் கட்டட லிஃப்டில் ஏறுகிறவர்
எந்த மாடியில் இறங்குவாரென்று
தம்பி ஆன்றோவுடன் பந்தயம் கட்டுவது.
செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
வாரம் ஐந்து மணியாவது வரும்.

"பந்து மாதிரி இருக்கா உங்க பொண்ணு.
ஈட்டி மாதிரி இருக்கணும்,"
என்றார் மிஸ் டெல்மா.
அரை மணிக்குப் பதினைந்து தினார்.
அப்பா தலையாட்டினார்,
ஈட்டி என்ன விலை என்று கேட்கப்போகிறவர் போல.

சுற்றுச்சூழல் என்று முடிவானது.
கடல் பக்கத்தில்தானே இருக்கு, செலவும் கம்மி.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி, பிலஜாத் கடற்கரை.
நாங்கள் பதினோரு பேர், பச்சை டீ-ஷர்ட்.
எங்களுக்கு முன்பே வந்திருந்தது நீல டீ-ஷர்ட் பள்ளி.
அந்தப் பக்கம் வெள்ளையில் இன்னொன்று,
அவர்களிடம் டிரோன்கூட இருந்தது.
மூன்று பள்ளிக்குப் போதுமான குப்பை
அந்தக் கரையில் இல்லை.
ஹஃப்ஸாவுக்கு ஒரு லபான் மூடி கிடைத்தது.
இரண்டு பேர் சேர்ந்து அதை எடுப்பதாகப் படம் பிடித்தோம்.
ஆன்றோ தன் சிப்ஸ் பாக்கெட்டை
அவசர அவசரமாகத் தின்று முடித்து உதவினான்.

"ஒழுங்கா கீழ போடுடா, காத்துல பறக்குது"
என்று நான் கத்தியது கேட்டுத்தான்
மஞ்சள் சீருடைக்காரர் திரும்பினார்.
நாலு மணியிலிருந்து குனிந்திருந்தவர்.
சிமெண்ட் பெஞ்சோரம் அவருடைய மூன்று கறுப்புப் பைகள்,
கழுத்து இறுக்கிக் கட்டியபடி.

"தமிழா? எந்த ஊரும்மா?"
சால்மியா, பத்தாவது பிளாக் என்றேன்.
"அது சரி," என்று சிரித்தார்.
எங்கள் கேமராவைப் பார்த்தார்.
காற்றில் உப்பிக்கொண்டிருந்த எங்கள் காலிப் பைகளைப் பார்த்தார்.
பிறகு தன் பை ஒன்றை அவிழ்த்து
மணலில் கவிழ்த்தார்.

பாட்டில்கள், தர்பூசணித் தோல், ஷவர்மா காகிதம்,
ஒரு டயப்பர், ஒற்றைச் செருப்பு.

"போட்டோ முடிஞ்சதும் திரும்ப அள்ளிப் போட்டுருங்க பாப்பா.
பையை எண்ணுவாங்க."

நல்ல படம்தான் வந்தது.
பின்னால் சூரியன், என் கையுறையில் டயப்பர்.
ஓரத்தில் மஞ்சளாக ஒரு முழங்கை இருந்தது.
மிஸ் டெல்மா வெட்டிவிட்டார்.

விடிந்தால் கடைசி நாள்.
ஏழாவது கட்டத்துக்கு அவர் எழுதி அனுப்பியிருக்கிறார்:
நிறுவனர், தலைவர். வாரம் நான்கு மணி,
வருடம் நாற்பது வாரம்.
பெருக்கிப் பார்த்தேன், நூற்றறுபது.
எட்டு மணி வேலையென்றாலும்
அவருக்கு இருபது நாள்.

அதை அழித்துவிட்டு அடிக்கிறேன்:
கடற்கரை சுத்தம். ஒரு முறை. ஒன்றரை மணி.
ஒரு பை. பை இரவல்.

இன்னும் நூறு எழுத்துக்கு இடமிருக்கிறது.
அடுத்த அறையில் அப்பா இருமுகிறார்,
தூங்கவில்லை என்று எனக்குத் தெரிவிக்க.
அனுப்பு என்கிற பொத்தான் நீலமாக நிற்கிறது.

நானோ அந்தச் செருப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
இடதுகால், நீலப் பட்டை, குதிகால் தேய்ந்தது.
நாங்கள் அள்ளிப் போட்டபோது
அது பைக்குள் போனதா
என்று நினைவில்லை.